திறந்துதான் இருக்கு

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நலம்" என்று ஒரு சொல் எழுதி அனுப்புவாய், அதில் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. போனிலும் கூப்பிடப் போவதில்லை. நாம் இருவரும் போனில் பேசினால் குழாயடிச் சண்டையாகத்தான் முடிகிறது. போன தடவை முதலில் வைத்தது நீயா நானா என்பதற்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை.

விஷயம் உன் அண்ணனைப் பற்றியது. வெந்நீர்த் தொட்டியின்மேல் சாய்த்து ஓர் இரும்பு ஏணி போட்டிருக்கிறார். அந்த விபத்துக்கு அப்புறம் போட்டது. ஒவ்வொரு ஈடு துணிக்கும் அதில் ஏறி, மூடியைத் தூக்கி, உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் நான் ஹீட்டரைப் போட வேண்டும். சூடு ஏறும்வரை ஆவியில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். தண்ணீர் இறங்கினால் கத்துவார், நான் அணைப்பேன். சலவைக் கூடத்தில் காலையிலிருந்து மாலைவரை இதுதான் நடக்கிறது.

அவர் வலது கை ஆறிவிட்டது, ஆனால் விரல்கள் முழுக்க மடங்குவதில்லை. இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். ஏணிப் படியெல்லாம் சோப்புத் தண்ணீர். போன வாரம் சறுக்கி முழங்கால் உரிந்துவிட்டது. "ஒண்ணுமில்ல, ஒரு படியை விட்டுட்டு இறங்கிட்டேன்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை அவர் எந்தப் பக்கம் விழுவார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பக்கம் சிமெண்டுத் தரை, மறுபக்கம் வெந்நீர்.

இறங்கச் சொன்னால், "நீங்க ரெண்டு பேரும் சொன்னதை நம்பி ஒரு தடவை வெந்தாச்சு. இனிமே என் கண்ணை மட்டும்தான் நம்புவேன்" என்கிறார். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவிட்ச் பேனலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளை நிக்க வைங்கம்மா, போதும்" என்றார். ஆள் நிற்பதுதான் ஐயா பிரச்சினை என்று அனுப்பிவிட்டேன்.

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன புரோகிராம் ரிலே அட்டைகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. எந்தக் கம்பியில் செய்தி வந்தால் எதை ஓட்ட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று அதற்குள் எழுதி வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நீ சொன்ன ஞாபகம். அதை மாட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். உன் அண்ணனை அந்த ஏணியிலிருந்து இறக்காமல் விடமாட்டேன். நீ வர வேண்டாம். படம் போட்டு அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அண்ணனுக்காக மட்டும் எழுதுகிறேன். இந்த வேலை முழுக்க எழுத்தில்தான் நடக்க வேண்டும். காரணம் உங்களுக்கே தெரியும். அன்று தொட்டியின் அடியில் கசிகிறது என்று போனில் கூப்பிட்டீர்கள். நான் இரண்டு பஸ் தூரத்தில் இருந்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஹீட்டர் லைன் திறந்திருக்கா அண்ணி?" நீங்கள், "திறந்துதான் இருக்கு" என்றீர்கள். அதை நம்பித்தான், "அப்போ பயமில்ல, தண்ணிய வடிச்சிட்டுப் பாருங்க" என்றேன். வெறும் தொட்டியில் ஹீட்டர் கனன்று சிவந்திருக்கிறது. அண்ணன் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை அதன்மேல் விட, ஆவி சீறி அவர் கையை எடுத்துவிட்டது. நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்று, அங்கே இருந்தது வேறு. அதற்குப் பழி என்மேல். பத்துப் பேர் முன்னால், "நீ வடிக்கச் சொன்னே, உன்னாலதான்" என்று கத்தினீர்கள்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, "கதவு திறந்துதான் இருக்கு" என்றும் சொன்னீர்கள். அதையும் மறக்கவில்லை. ஆகவே நேரில் வருவேன் என்று நினைக்க வேண்டாம்.

வேலைக்கு வருவோம். தொட்டிக்குள் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை சுவிட்ச் இரண்டு வேண்டும். கீழ் மிதவை, ஹீட்டர் காயிலுக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும். மேல் மிதவை தொட்டியின் கழுத்தருகே. கீழ் மிதவை தண்ணீரில் இருந்தால்தான் ஹீட்டர் எரியும் என்று எழுதித் தருகிறேன். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது கீழ் மிதவையின் இரண்டு கம்பிகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? கடையில் இரண்டு வகையும் விற்கிறார்கள். ஊகித்து எழுத வேண்டாம். பார்த்து எழுதுங்கள்.

நான் இப்போது தங்கியிருக்கும் அறையைப் பற்றிக் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
நாத்தனார்

*

பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

உன் அண்ணன் இந்தத் தலைப்பைப் படித்துவிட்டு, "கோர்ட்டுல இருந்து வந்திருக்கா?" என்று கேட்டார்.

நான் மாற்றிச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. "திறந்துதான் இருக்கு" என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். திறந்துதான் இருந்தது. நீ கேட்டதாகச் சொல்வதும் அதுதான், நான் சொன்னதாகச் சொல்வதும் அதுதான். "ரெண்டு பேரும் ஒண்ணையேதானே சொல்றீங்க, அப்புறம் எதுக்குச் சண்டை?" என்று உன் அண்ணன் அன்று கையில் கட்டோடு கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தோம். நாம் கடைசியாக ஒற்றுமையாகச் செய்த காரியம் அது.

மிதவை இரண்டும் வாங்கிப் பொருத்திவிட்டேன். கீழ் மிதவை காயிலுக்கு ஒரு சாண் மேலே. சாண் என்றால் யார் சாண் என்று நீ எழுதவில்லை. உன் அண்ணன் சாணால் அளந்தேன், அவருக்குத்தான் கை பெரிது. தொட்டியைக் காலி செய்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். தொட்டி காலியாக இருக்கும்போது மிதவை மூடியிருக்கிறது. மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தால் திறக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். போதுமா?

ரிலேயைப் பேனலில் மாட்டியாகிவிட்டது. கூடத்தில் துணி மடிக்கும் மடிப்பு மேசைக்கார அம்மா, "இது என்ன புதுசா?" என்று கேட்டார். தண்ணீர் இருக்கிறதா, சூடு ஏறிற்றா, யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும், அதற்குப் பிறகுதான் அனுமதி கொடுக்கும் என்றேன். "அப்போ மாமியார்னு சொல்லுங்க" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

ஏணியில் படிக்குப் படி சாக்குத் துணி சுற்றியிருக்கிறேன். வழுக்கல் குறைந்திருக்கிறது. ஏறுவது குறையவில்லை. சீக்கிரம் படம் அனுப்பு.

அண்ணி

*

பிப்ரவரி 21

அண்ணிக்கு,

மாமியார் என்று பெயர் வைத்தவர்களிடம் சொல்லுங்கள், உங்கள் மாமியார் என் அம்மா. அம்மா இருந்திருந்தால் இந்தப் பெட்டியைவிடக் கறாராக இருந்திருப்பார்.

படம் இணைத்திருக்கிறேன். இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, நடுவில் படிகள். பார்க்க ஏணி மாதிரி இருக்கும். தொழிலிலும் ஏணிப் படம் என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு படியும் ஒரு விதி. இடப்பக்கத்திலிருந்து மின்சாரம் கிளம்பி, படியில் உள்ள நிபந்தனைகளையெல்லாம் தாண்டி வலப்பக்கம் போய்ச் சேர்ந்தால், அந்தப் படி சொல்லும் வேலை நடக்கும். ஒரு நிபந்தனை மறித்தாலும் நடக்காது. பெட்டியின் திரையில் இதே படம் தெரியும். அம்புக்குறிப் பொத்தான்களால் ஒவ்வொன்றாக நகர்த்திப் போடுங்கள். பொறுமை வேண்டும். உங்களுக்கு அது எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

முதல் படி பம்புக்கு. தண்ணீர் கீழ் மிதவையை விட்டு இறங்கினால் ஓடத் தொடங்கும், மேல் மிதவையைத் தொட்டால் நிற்கும். இரண்டாவது படி ஹீட்டருக்கு. உங்கள் மிதவை காலித் தொட்டியில் மூடியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கேற்றபடி அந்தக் குறியைத் தலைகீழாக, குறுக்குக்கோடு போட்டு வரைந்திருக்கிறேன். அப்படியே போடுங்கள்.

இரண்டு விஷயத்தில் என் பேச்சை மீறக் கூடாது. ரிலேயின் வாய் சின்னது. ஹீட்டர் சுமையை நேரடியாக அதில் கட்டினால் கருகிவிடும். ரிலே, கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுக்கட்டும், கான்டாக்டர் ஹீட்டரை இழுக்கட்டும். சூடு எல்லை மீறினால் அறுக்கும் கட்-அவுட்டையும் சிவப்பு அவசரப் பொத்தானையும் ரிலே வழியாக விடாதீர்கள், கான்டாக்டருக்குப் போகும் கம்பியிலேயே நேராகக் கட்டுங்கள். எந்தப் பெட்டிக்கும் ஒரு நாள் பித்துப் பிடிக்கலாம்.

இன்னொன்று. ஹீட்டரை இப்போது இணைக்கவே கூடாது. அதற்குப் பதில் ஒரு சாதாரண பல்பு மாட்டுங்கள். பல்பு எரிந்தால் ஹீட்டர் எரிகிறது என்று அர்த்தம். பல்பில் எல்லாம் சரியாக வந்தபிறகு எழுதுங்கள்.

ஒரு சாண் அண்ணன் சாண்தான். வேறு யார் சாண்?

நாத்தனார்

*

மார்ச் 2

சின்னவளே,

எனக்கு எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு கோடு விடாமல், ஒரு குறி மாற்றாமல் பெட்டிக்குள் போட்டேன். இரண்டு தடவை அழித்துவிட்டு மூன்றாம் தடவை சரியாக வந்தது. ஹீட்டருக்குப் பதில் பல்பு. மடிப்பு மேசைக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். உன் அண்ணன் ஏணியின் உச்சிப் படியில், வெந்த கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

தொட்டி காலி. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

காலித் தொட்டியில், சின்னவளே! ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத தொட்டியில்! பம்பு எங்கே என்றால் அது தூங்குகிறது. சரி என்று கையால் தண்ணீர் விட்டேன். மிதவை எழும்பியது, பல்பு அணைந்துவிட்டது, பம்பு ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லாம் தலைகீழ். பல்புக்குப் பதில் ஹீட்டர் இருந்திருந்தால் அன்று நடந்ததேதான் மறுபடியும் நடந்திருக்கும்.

மற்றவர்கள் திரும்பி மடிக்கப் போய்விட்டார்கள். உன் அண்ணன்தான், "நான் மேலேயே இருக்கேன்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரை இறக்கிவிடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

என்மேல் கோபம் இருந்தால் என்மேல் காட்டு. படத்தில் காட்டாதே.

அண்ணி

*

மார்ச் 6

அண்ணி,

படத்தில் கோபம் காட்டுகிறேனா? பேனல் கட்டும் தொழிலில் இருக்கிறேன் நான். ஒரு கம்பியை வேண்டுமென்றே மாற்றிக் கட்டுகிறவள் என்று என்னை நினைக்கிறீர்களா?

பிப்ரவரி 15 என்று தேதியிட்ட உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். "தொட்டி காலியாக இருக்கும்போது மிதவை மூடியிருக்கிறது." உங்கள் கையெழுத்து. நான் அடிக்கோடு மட்டும்தான் போட்டிருக்கிறேன். மூடியிருந்தால் என் படம் சரி. பல்பு தலைகீழாக எரிந்தது என்றால் மிதவை காலித் தொட்டியில் திறந்திருக்கிறது. அதைத்தான் பார்த்து எழுதுங்கள் என்றேன். மூன்று தடவை பார்த்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எதைப் பார்த்தீர்கள்?

அன்றும் இதேதான். இருப்பது ஒன்று, நீங்கள் சொல்வது வேறு. இந்தத் தடவை எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணனை மட்டும் அந்த ஏணியில் ஏற விடாதீர்கள்.

நா.

*

மார்ச் 10

சின்னவளே,

அடிக்கோடு போட்டு அனுப்பியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில்கூட என் நோட்டில் இவ்வளவு சிவப்பு விழுந்ததில்லை.

உன் கடிதம் வந்த உடனே தொட்டியை மறுபடி காலி செய்தேன். மீட்டரை மறுபடி வைத்தேன். இந்தத் தடவை உன் அண்ணனையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். தொட்டி காலி. மீட்டர் கத்தவில்லை. முள் அசையவில்லை. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் எதுவும் போகவில்லை, வழியில்லை, மூடிக் கிடக்கிறது. மிதவையைத் தூக்கினேன். மீட்டர் கத்தியது. வழி வந்துவிட்டது, திறந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படி எழுதுவாள்?

என் அப்பா ஊர்த் தண்ணீர் வாரியத்தில் வால்வுக்காரர். தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் விட்டு, நேரமானதும் நிறுத்துவது அவர் வேலை. நடை பழகியபோதே அவர் சாவியைப் பிடித்துக்கொண்டு போனவள் நான். திறந்திருப்பது எது, மூடியிருப்பது எது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திறந்திருந்தால் ஓடும். மூடியிருந்தால் ஓடாது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

அன்றைக்கும் அப்படித்தான். ஹீட்டர் லைன் திறந்திருக்கா என்று நீ கேட்டாய். திரும்பிப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஹீட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. திறந்துதான் இருக்கு என்றேன். அதைக் கேட்டுவிட்டும் நீ வடிக்கச் சொன்னாய். பெரியவர்கள் சொல்வதை நம்புகிறவள் மாதிரி உன்னை நம்பி உன் அண்ணனை வடிக்கச் சொன்னேன். உனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இந்தப் பெட்டியை விடப் போவதுமில்லை. படத்தை மாற்றி அனுப்புவாயா மாட்டாயா, அதை மட்டும் சொல்.

அண்ணி

*

மார்ச் 13

அண்ணி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

"மீட்டர் கத்தவில்லை, வழியில்லை, மூடிக் கிடக்கிறது." இந்த வரியை வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

எங்கள் தொழிலில் மீட்டர் கத்தவில்லை என்றால் அதற்குப் பெயர் திறந்திருக்கிறது.

கம்பியின் இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மூடிய சுற்று. அப்போதுதான் கரண்ட் ஓடும். முனைகள் விலகி நடுவில் இடைவெளி விழுந்தால் திறந்த சுற்று. ஓடாது. தொழிற்பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. அதற்கப்புறம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வால்வில் திறந்தால் ஓடும். சுவிட்சில் திறந்தால் நிற்கும். நீங்கள் வால்வுக்காரர் மகள். நான் பேனல்காரி.

அன்று நான் கேட்டது, ஹீட்டர் அணைந்திருக்கிறதா என்று. நீங்கள் சொன்னது, எரிந்துகொண்டிருக்கிறது என்று. இரண்டுக்கும் ஒரே சொல். எங்கள் பட்டறையில் யாரும் திறந்த, மூடிய என்றெல்லாம் பேசுவதில்லை, ஓபன், க்ளோஸ் என்றுதான் சொல்வார்கள். உங்களுக்குப் புரியட்டும் என்று மெனக்கெட்டுத் தமிழில் கேட்டேன், அண்ணி. அதற்குப் பதில் நேராக "ஹீட்டர் ஆஃபா?" என்று கேட்டிருந்தால் அண்ணன் கை நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் மாற்றிச் சொன்னதாக இத்தனை நாள் நம்பினேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நீங்கள் இருந்ததை இருந்தபடிதான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்பது அந்தக் கோபத்தை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது.

படத்தில் எனக்கே உறுத்தியிருக்க வேண்டும். நான் வரைந்தபடி விட்டால், மிதவையின் கம்பி அறுந்து போனாலும் ஹீட்டர் எரியும். அப்படி ஒரு விதியைத் தெரிந்தவர்கள் எழுத மாட்டார்கள். கோபத்தில் இருந்தேன், நீங்கள் எழுதியதைச் சரிபார்க்காமல் உங்களைப் பழிவாங்குவதுபோல அப்படியே வரைந்தேன். புதுப் படம் வைத்திருக்கிறேன். குறுக்குக்கோடு ஹீட்டர் படியிலிருந்து பம்புப் படிக்குப் போகிறது, வேறு மாற்றமில்லை. கம்பி எதையும் தொட வேண்டாம், பெட்டிக்குள் விதியை மட்டும் மாற்றினால் போதும். அதற்காகத்தான் இந்தப் பெட்டி.

இனி நம் வேலையில் திற, மூடு இரண்டும் கிடையாது. ஓடும், ஓடாது. அவ்வளவுதான். மீறினால் அபராதம்.

சின்னவள்

*

மார்ச் 18

சின்னவளே,

உன் கடிதத்தை ஏணிக்குக் கீழே நின்று உன் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்தேன். சலவை இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே. பாதியில் கடிதத்தை மடித்துவிட்டேன். மடிப்பு மேசைக்கார அம்மா வாங்கி மீதியைப் படித்தார். ஆக, நம் குடும்ப விவகாரம் இப்போது ஊர்ச் சொத்து.

உன் அண்ணன் ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு வார்த்தைக்கா என் கை போச்சு? சண்டையாவது பெருசா இருக்கும்னு நினைச்சேனே!" என்றார். நான் அழுதேன். உன்மேல் வைத்திருந்த கோபத்தைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தினமும் அதை உடுத்திக்கொண்டுதான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

புதுப் படத்தைப் போட்டேன். காலித் தொட்டி: பல்பு எரியவில்லை, பம்பு ஓடியது. மிதவை எழும்பியது: பல்பு எரிந்தது. மேல் மிதவை தொட்டதும் பம்பு நின்றது. கீழ் மிதவையின் கம்பியை நடுவில் பிடுங்கிப் பார்த்தேன், பல்பு உடனே அணைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பேனல் கதவில் "ஓடும்", "ஓடாது" என்று பெயிண்டில் எழுதிவிட்டேன். வால்வுகளிலும் அதேதான். ஒரு பெண் வாய் தவறி, "குழாயைத் திறக்கட்டுமாக்கா?" என்று கேட்டு எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் உன் அண்ணன் இறங்கவில்லை. பல்பு வேறு, ஹீட்டர் வேறு என்கிறார். "நீ சொல்லு, அவ சொல்லட்டும், பெட்டி சொல்லட்டும். என் கை சொல்றது வேறயா இருக்கே" என்கிறார். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

அண்ணி

*

மார்ச் 23

அண்ணி,

பதில் இருக்கிறது. அதை எழுதத்தான் மூன்று காகிதம் கிழித்தேன்.

ஹீட்டரை இணையுங்கள். தொட்டி நிரம்பட்டும். ஹீட்டர் எரியட்டும். எரிந்துகொண்டிருக்கும்போதே, பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, அடியிலிருந்து தண்ணீரை வடிக்க விடுங்கள்.

ஆமாம். அன்று செய்ததையே மறுபடி செய்யச் சொல்கிறேன். வேறு எந்தச் சோதனையும் அண்ணனை இறக்காது. தண்ணீர் கீழ் மிதவையை விட்டு இறங்கிய கணமே ரிலே ஹீட்டரை நிறுத்த வேண்டும். அப்போதும் காயிலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் மிச்சம் இருக்கும். நிறுத்தாவிட்டால் உடனே சிவப்புப் பொத்தானை அடியுங்கள், வடிப்பதை நிறுத்துங்கள். பொத்தானில் கை வைத்தபடி நீங்களே நில்லுங்கள், வேறு யாரையும் நிறுத்தாதீர்கள். யாரும் மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது. அண்ணன் தொட்டியை விட்டுத் தள்ளி, தரையில் நிற்க வேண்டும்.

வடிக்கச் சொல்லி இன்னொரு தடவை எழுதுகிறேன். நீங்கள் செய்யவில்லை என்றாலும் தப்பாக நினைக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. நான் கிளம்பிய அன்று "கதவு திறந்துதான் இருக்கு" என்றீர்களே. அதையும் நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

சின்னவள்

*

மார்ச் 29

சின்னவளே,

செய்தேன்.

முந்தின நாளே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிலர் வேண்டாம் என்றார்கள். எனக்கும் வேண்டாம் போலத்தான் இருந்தது. ஆனால் நீ மூன்று காகிதம் கிழித்து எழுதியதைப் படித்த பிறகு, செய்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

தொட்டி நிரம்பியது. ஹீட்டர் விளக்கு எரிந்தது. ஆவி வரத் தொடங்கியது. உன் அண்ணனைத் தள்ளி நில்லுங்கள் என்றேன், கேட்கவில்லை. வடிகால் குழாய்ப் பக்கம் வந்து நின்று, "இதை நான் பண்றேன். அன்னைக்கும் நான்தானே பண்ணேன்" என்றார். வெந்த கையால்தான் அந்தக் கைப்பிடியைச் சுற்றினார். விரல் மடங்கவில்லை, உள்ளங்கையால் அழுத்திச் சுற்றினார். தண்ணீர் ஓட ஆரம்பித்தது. நான் சிவப்புப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஓடும் சத்தம் தவிரக் கூடத்தில் வேறு சத்தமில்லை. எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

பேனலுக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சத்தம். கான்டாக்டர் விட்டுவிட்டது. ஹீட்டர் விளக்கு அணைந்துவிட்டது. நான் பொத்தானை அழுத்தவில்லை. உன் அண்ணன் வடிப்பதை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினார், மூடியைத் தூக்கினார், உள்ளே பார்த்தார். காயிலுக்கு மேல் அவர் சாண் அளவுக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கினார். இறங்கி, ஏணியைத் தோளில் சாய்த்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். இப்போது அது கொல்லைப்புறத்தில் படுக்கையாகக் கிடக்கிறது, மேஜை விரிப்புகள் காயப்போட வசதியாக இருக்கிறது.

அன்று மாலை அவர் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தார். எத்தனை காலத்துக்கு அப்புறம்! நடுவில் ஒரு தடவை தொட்டியை அண்ணாந்து பார்த்தார். "மாமியார் பாத்துக்குவாங்க" என்றார் மடிப்பு மேசைக்கார அம்மா. உன் அண்ணன் மறுபடி கோப்பையைப் பார்த்துக்கொண்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மற்றதெல்லாம் நாம் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொண்டது. இது ஒன்றை மட்டும் நீ சரியாகப் புரிந்துகொண்டாய். அன்று நான் போ என்றுதான் சொன்னேன். இன்னொரு அர்த்தம் இருந்தது என்று பூசி மெழுகலாம், நீயும் நம்பிவிடுவாய். எனக்கு அது வேண்டாம்.

அபராதம் எவ்வளவோ கட்டிவிடுகிறேன், நம் விதியை ஒரு தடவை மீறிக்கொள்கிறேன். இங்கே உன் அறையில் துவைத்த விரிப்பு மாற்றியிருக்கிறேன். கதவு திறந்துதான் இருக்கு, சின்னவளே. வால்வுக்காரர் மகள் சொல்கிறேன். வா.

அண்ணி